குழல் கேட்காத காது

பாணேரிலிருந்து சாகண் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர். நரைத்த மீசை, பெரிய கைகள். அவர் ஹெட்போனில் எந்நேரமும் மேளம் அதிரும்.

"மேளம்னா அவ்வளவு பிடிக்குமாண்ணே?" என்று ஒருநாள் சத்தமாகக் கேட்டேன்.

"புல்லாங்குழல்தாம்ப்பா உசுரு. இருபது வருஷ மெஷின் சத்தத்துல காது போச்சு. இப்போ குழல் கேக்கறதில்ல. மேளம் கேக்குது. சரின்னு அதையே பிடிக்க வச்சுக்கிட்டேன்."

மனசு கேட்கவில்லை. என் போனில் ஒரு குழலிசையைத் தேடி, அவர் ஹெட்போனில் முழுச் சத்தத்தில் வைத்தேன். கண்ணை மூடிக் காத்திருந்தார். பாதி ஓடிவிட்டது.

"ஆரம்பிச்சிருச்சாப்பா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.

தலையாட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.