அறுபது சட்டை

சலவைக் கடையில் இருபது வருஷமாகத் துணி தேய்க்கிறவர் அவர். முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு என்று ஒரு சட்டைக்கு நாலு நிமிஷம் பிடிக்கும். கூலியும் சட்டைக் கணக்குத்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகளுக்கு ஏழு வயது. பேச ஆரம்பித்தால் சுவரே காதைப் பொத்திக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் வாயாடி, நடந்தால் விளக்கு எரிகிற ஷூ கேட்டுச் செருப்புக் கடைவாசலில் புரண்டு அழுதாள். நாலு பேர் பார்க்க மானம் போயிற்று அவருக்கு. மறுநாள் பள்ளி விடுமுறை. தேய்ப்பு மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். அந்த ஷூ அறுபது சட்டை, நீயே எண்ணிப் பார் என்றார்.

இருபத்துமூன்று வரைக்கும் சத்தமாக எண்ணினாள். அப்போதுதான் இஸ்திரிப் பெட்டி அவர் மணிக்கட்டில் பட்டுத் தோல் உரிந்தது. குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு அவர் அடுத்த சட்டையை எடுத்தார். அதற்கப்புறம் அவள் எண்ணவில்லை. ஷூ வேண்டாம் என்றாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் பிள்ளைக்குக் காசின் அருமையைப் புரிய வைத்துவிட்டேன் என்று முதலாளியிடமும் டீக்கடையிலும் தம்பட்டம் அடித்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை விலைதான். பென்சில் ஒரு சட்டை, குடை முப்பது சட்டை. குழந்தையைக் குழந்தையாக விடுங்கள் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய மேதாவி, அவள் பேச்சைக் கேட்பாரா?

வாயாடி எதுவும் கேட்பதில்லை. பேச்சும் குறைந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டார். தலையணையில் மஞ்சள் கறையைப் பார்த்து அம்மா விசாரித்தபோது, தலைக்குக் குளித்த தண்ணீர் என்றாள். இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. திமிரா என்று அவர் ஒருநாள் முதுகில் ஒன்று வைக்கவும் செய்தார். பாவி, அந்தக் கையைத்தான் இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

வகுப்பில் கூப்பிட்டால் காதில் விழுவதே இல்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியபிறகுதான் டாக்டரிடம் ஓடினார்கள். இடது காதில் மூன்று மாதமாகச் சீழ் பிடித்திருக்கிறது, ஜவ்வு அரித்து உள்ளே எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே சரியாகியிருக்கும். சீழை நிறுத்தலாம். அந்தக் காது இனிக் கேட்காது.

மனைவி மருந்துக்கு வரிசையில் நின்றாள். அவர் மகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே தரையில் குந்தினார்.

“இத்தனை நாளா வலிச்சிருக்கே கண்ணு. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்பா. டாக்டருக்கு எவ்வளவு ஆகும்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன். கணக்குப் போட்டா நாப்பது சட்டை வந்துச்சு.” அவர் மணிக்கட்டுத் தழும்பைத் தொட்டாள். “உங்களுக்கு மறுபடியும் சுட்டுரும்ல?”

அவர், போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், பெற்ற பிள்ளையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சாலையைக் கடக்கையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் எவ்வளவு வாங்கினார் என்று மெல்லக் கேட்டாள். காசே வாங்கவில்லை என்றார் அவர். அவள் நின்று, வலது காதைத் திருப்பிக்கொண்டு, “என்னப்பா சொன்னீங்க?” என்றாள்.

அவர் அந்தப் பக்கம் சுற்றி வந்து, குனிந்து, அதே பொய்யை இன்னொரு தரம் சொன்னார்.