கவின் அரிசியில் கை வைத்த கதை

பாயில் குப்புறப் போட்டால், போலீஸைக் கண்டவன் போல எங்கள் மகன் கவின் இரண்டு கையையும் தரையில் படாமல் தூக்கிக்கொள்வான். ஒரு வயது தாண்டியும் தவழவில்லை. "இன்னாடா, யார் வூட்ல திருடின?" என்று கேட்டுச் சிரித்தேன். காவாந்தண்டலத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் நான். எதற்கும் சிரிக்கிறவன் என்று ஊரில் பெயர். சிரித்துக்கொண்டிருக்கும் வரை டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்பது என் கணக்கு.

என் மனைவி சுமதி சிரிக்கவில்லை. சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டினால் அவன் வாந்தி எடுக்கிறான் என்பதை அவள்தான் கவனித்தாள்.

நாற்பத்தாறு வயதில் எனக்குப் பிறந்த பிள்ளை. மாதம் நிரம்புவதற்குள் அவசரப்பட்டு வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தபோது இரண்டு கையிலும் மாறி மாறி ஊசி ஏற்றினார்கள். பிழைத்ததே பெரிது என்று நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

கடைசியில் சுமதி எங்களை இழுத்துப்போன குழந்தைகள் டாக்டர், அவன் முஷ்டியைத் தொடாமலே பார்த்துவிட்டுச் சொன்னார்: தொடு உணர்ச்சி மிகை (கையில் எது பட்டாலும் மூளை அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்வது). பிறகு எங்களைப் பார்த்தார். "இதுக்கு மருந்து இல்லைங்க. வீட்டு சாமான வெச்சு விளையாட விடுங்க. அரிசி, ஈர இட்லித் துணி, தேங்கா நாரு, பிசைஞ்ச கேவுரு மாவு. முதல்ல நீங்க அதுக்குள்ள கைய விடணும். அவன் கையப் புடிச்சு இழுக்கவே கூடாது."

"எவ்ளோ நாள் ஆவும் மேடம்?" என்றேன்.

"அத அவன்தான் சொல்லணும்."

பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்காவுக்குச் செய்தி எங்களுக்கு முன்பே போய்விட்டது. "அரிசிய கொட்டி வெளையாட்றதா? வூடு வெளங்குமா?" சுமதிக்கும் மனம் வரவில்லை. ஒரு பருக்கை கீழே விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அவள்.

சமாதானத்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடந்தது. நெல்லும் சட்டை போட்ட அரிசிதானே? பேசினில் அள்ளிவந்து, டாக்டர் சொன்னபடி முதலில் என் கையை விட்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆர்வம் தாங்காமல் பையனையும் தூக்கி அதற்குள் உட்கார வைத்தேன்.

நெல்லின் சுணை தொடையெல்லாம் ஏறி, தடித்துச் சிவந்து, தெருவே கூடுகிற அளவுக்குக் கத்தினான். அதன்பின் தூக்கத்தில்கூட முஷ்டியைத் திறக்கவில்லை.

"நெல்லுல சொண கீதுன்னு தெரியாதா? காலமெல்லாம் நெல்லு மேலயே பொரள்ற," என்றாள் சுமதி.

"எனக்கு அரிக்கலயே."

"ஒனக்கு இன்னாதான் ஒறைக்குது!"

அவள் சொன்னது சரி. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை டயராகியிருந்தது.

அழுகை கேட்டு அக்கா வந்தாள். "உடுங்கடா. ஊசி குத்தின கை, அப்டிதான் இருக்கும். ஒக்கார வெச்சி ஊட்டிக்கினே இருங்க. எல்லா புள்ளயும் தவழணும்னு சட்டமா?"

சுமதி உள்ளே போனாள். சமையலுக்கு வைத்திருந்த பச்சரிசியை அப்படியே தூக்கிவந்து, நடுக்கூடத்தில் தாம்பாளத்தில் கொட்டினாள். பாதி தரையில் சிதறியது. குனிந்து பொறுக்கவில்லை.

"அடியே, லட்சுமிடி அது!"

"எம்புள்ள கைய தொறக்காம இந்த அரிசி யாருக்கு அண்ணி? லட்சுமிக்கும் கொழந்தன்னா புடிக்கும். நீ போய் ஒன் வேலய பாரு."

அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கவின் தூரத்தில் உட்கார்ந்து, பைத்தியம் பிடித்த பெற்றோரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

பல நாள் பார்த்தான். தம்ளரிலிருந்து அரிசி விழும் சத்தம்தான் முதலில் பிடித்தது. அப்புறம் கரண்டியின் காம்பைப் பிடித்தான். அவனை நேராகப் பார்க்கக் கூடாது என்று கற்றுக்கொண்டோம். கோழி பிடிக்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும்.

ஒரு காலை, வாசலில் நின்று அக்கா எங்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கவின் அரிசியில் ஒரு விரலை வைத்தான். அப்புறம் முழு உள்ளங்கை. அழவில்லை. ஒரு பிடி அள்ளி அவள் மேலேயே வீசினான்.

தலைமுடியிலிருந்து அரிசியை உதறக்கூட இல்லை அக்கா. "டேய்," என்றாள், முந்தானையை ஏந்தி. "இன்னொரு தபா போட்றா."

இதைப் படிக்கிறவர்களுக்கு: பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நகராதீர்கள். வாய்க்கும் மூக்குக்கும் அரிசி போய்விடும். சொந்தக்காரர்களைக் காத்திருக்க வைக்கலாம்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. ஈர மண் இன்னும் ஆகாது, நகம் வெட்டினால் போர். ஆனால் தவழ்கிறான், பழைய ஸ்கூட்டர் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. தவழ்ந்து வந்து என் சவரம் செய்யாத கன்னத்தில் உள்ளங்கையைத் தேய்க்கிறான். அவன் கையை எடுக்கும்வரை எந்த வயலும் காத்திருக்கும். எவ்வளவு நாள் ஆகும் என்று இப்போது யாரையும் கேட்பதில்லை.

அரிசிக்கு அடியில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. அவனோடு கையை விட்டு விட்டு, இப்போது என் டயர்க் கைக்கும் அது தெரிகிறது.

வீட்டில் எங்கே கால் வைத்தாலும் அரிசி குத்துகிறது. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

குத்தட்டும்.