கடலுக்குப் போய்வந்த ஸ்பேர்

அந்தக் கிட்டாரில் இரண்டு கம்பிகள் குறைகின்றன என்று முதலில் கண்டுபிடித்தவன் பாஸ்கல்தான். திரேஸ்புரத்தில் பைபர் படகு வைத்து மீன்பிடிக்கிறவன் அவன். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதில் என்ன குறைகிறது என்று பார்ப்பது அவனுக்குப் பழக்கம். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த சித்தப்பா, வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து போட்ட கிட்டார் அது. பாஸ்கல் பார்த்த கிட்டாருக்கெல்லாம் ஆறு கம்பி. இதற்கு நாலுதான் இருந்தது. முறுக்கும் திருகாணிகளும் நாலுதான். அவற்றிலும் இரண்டு எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டு, தங்கை ஈவாஞ்சலினையும் கூட்டிக்கொண்டு டவுன் கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, இதுல ரெண்டு கம்பி அந்து போயிருக்கு. தடிச்சதாப் பாத்துக் குடுங்க."

கடைக்காரர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, இது பேஸ் கிட்டாரு. இதுக்கு நாலுதாம்ல கம்பி. ஒண்ணும் அந்து போகல."

ஈவாஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஸ்கல் கொஞ்சமும் கூசவில்லை. "சரி அண்ணாச்சி, அப்போ அந்த நாலையும் ஒரு செட்டு ஸ்பேரா குடுங்க" என்றான்.

வாசிக்கத் தெரிவதற்கு முன்பே ஸ்பேர் கம்பி வாங்கி வைத்துக்கொண்ட பேஸ் கிட்டார்க்காரி தூத்துக்குடியில் ஈவாஞ்சலினாகத்தான் இருக்கும்.

அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் பாஸ்கல் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு அப்பாவோடு கடலுக்குப் போனவன், அவள்தான் படித்தாள். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போனில் பார்த்ததையும் காதில் விழுந்ததையும் வைத்து விரல்களைப் பழக்கினாள். ஆரம்பத்தில் பூசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "அந்தப் பிள்ள கிட்டார வச்சிக்கிட்டுச் சும்மாதான நிக்கி?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் பாஸ்கலுக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் நடுவே அவள் தாளைப் புரட்டுவதற்காக வாசிப்பை நிறுத்தினாள். பாஸ்கலுக்குக் காலுக்குக் கீழே எதையோ உருவிவிட்டாற்போல இருந்தது. அவள் மறுபடி வாசித்ததும் பாட்டு எழுந்து நடந்தது. படகில் போகிறவன் எவனும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அது நின்றால்தான் எல்லாத் தலையும் திரும்பும். தன் தங்கை வாசிப்பது எது என்று அன்றைக்கு அவனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாராவது, "என்ன வாசிக்கா ஒன் தங்கச்சி?" என்று கேட்டால், "எஞ்சின்" என்று சொல்லுவான்.

படிப்பு முடித்துத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். சனி, ஞாயிறுகளில் லிங்கராஜ் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் வாசித்தாள். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, மாதா திருவிழா என்று காயல்பட்டினம் தாண்டியும் வண்டி போகும். அவளுடைய பையை நிரப்பும் வேலையை யாரும் சொல்லாமலே பாஸ்கல் எடுத்துக்கொண்டான்.

கடலில் கடை கிடையாது. கரையை விட்டுப் போனபின் எது கெட்டாலும் படகில் இருப்பதை வைத்துத்தான் திரும்ப வேண்டும். மேடையும் அப்படித்தான் என்பது பாஸ்கலின் கணக்கு. பாட்டு ஆரம்பித்தபின் எந்தக் கடைக்கு ஓடுவது? ஆகவே லாரித் தார்பாயில் அவனே தைத்த பையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை இருந்தது. கிட்டாரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் கேபிள் ஒன்று போக இன்னொன்று. கிட்டாருக்குள் போடுகிற சதுர பேட்டரி, பிரிக்காத உறையோடு. தோள்வார் கழன்றால் மாட்ட ஒரு வார், அதன் ஆணியை முடுக்கத் திருப்புளி, கிட்டாரின் கழுத்தை நிமிர்த்தும் கோணச் சாவி. ஸ்பீக்கர் படுத்துவிட்டால் கிட்டாரை நேராகச் சவுண்டுக்காரரின் மிக்சரில் செருகிவிடலாம். அதற்கென்று உள்ளங்கை அளவில் ஓர் இரும்புப் பெட்டி, டி.ஐ. பாக்ஸ் என்பார்கள். இடப்பக்க அறையில் நீள ஒயரோடு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதை வைத்தபோதுதான் ஈவாஞ்சலின் சண்டை பிடித்தாள்.

"ஏண்ணே, அது சவுண்டு சர்வீஸ்காரங்க கொண்டுவருவாங்க. நான் என்ன கரண்டாபீஸா?"

"அவுக கொண்டுவரட்டும். இது நம்மளது."

பையில் சும்மா நிரப்பிவைப்பதோடு அவன் விட்டுவிடவில்லை. கடலுக்குப் போய்வராத சாமானை ஸ்பேர் என்று சொல்லக்கூடாது என்பது அவன் படகில் சட்டம். புது ஸ்பார்க் பிளக் வாங்கினால் அதை எஞ்சினில் மாட்டி ஒருநாள் தொழிலுக்குப் போய்வந்து, பிறகு கழற்றித் துடைத்து ஸ்பேர் டப்பாவில் வைப்பான். கடையில் பளபளவென்று இருந்தது கடலில் கைகொடுக்காமல் போவதை அவன் பார்த்திருக்கிறான். அதே சட்டம் பேஸ் கிட்டாருக்கும் வந்தது. ஒரு கச்சேரிக்கு ஒரு கேபிள், அடுத்ததற்கு மற்றது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கோயில் பாடல் பயிற்சியில் ஒரு சாயங்காலம் முழுக்க வேலை செய்துவிட்டுத்தான் பைக்குள் போனது.

இந்தப் பையோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீபோர்டு வாசிக்கிற அனிஷ் புதுக் கீபோர்டு வாங்கும்வரை. அதில் இடது கையால் பேஸ் வாசிக்கலாம். சத்தம் அச்சு அசல் பேஸ் கிட்டார்போலவே வந்தது.

"ஈவா, ஒன் நாலு கம்பிய என் நாலு வெரலு வாசிச்சிரும் பாத்துக்கோ" என்று ஒத்திகையில் வாசித்துக் காட்டினான். கேலிதான். ஆனால் லிங்கராஜ் அண்ணாச்சி சிரிக்காமல் யோசித்தார். வண்டியில் ஓர் ஆளுக்கும் ஒரு பெட்டிக்கும் இடம் மிச்சமாகும் என்பது அவர் யோசனை.

"தங்கச்சி, ஒன் வாசிப்புல குத்தம் இல்ல" என்றார். "கீழ நிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியணும்லா? நம்ம கடக்கர மாதா திருவிழாவுல வாசி. பாப்போம். தெரியலன்னா கீபோர்டுலயே போட்டுருவோம்."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது பாஸ்கல் வலையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றான். ஆனால் திருவிழாவன்று காலையில் அவள் ஆபீசுக்குப் போனதும் பையைப் பிரித்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினான். கேபிள் முனைகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. அவன் வீட்டில் உப்புக் காற்றுக்கு ஒரே மருந்துதான். எஞ்சினுக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவைத் திறந்து, முனைகளைத் துடைத்து, விரலால் வழித்துத் தடவினான். ஒரு கேபிளுக்குத் தடவிவிட்டு ஸ்பேரை விடுவானா? அதற்கும் தடவினான். கிட்டாரில் கேபிள் போய்ச் செருகும் ஓட்டைக்குள்ளும் ஒரு குச்சியால் வைத்துவிட்டான். ஒன்றைக்கூட விடவில்லை.

சாயங்காலம் கடற்கரை மணலில் மேடை. கொடிமரத்திலிருந்து கோயில் வாசல்வரை சீரியல் விளக்கு. வெயில் சாயும்போதே சனம் பாய் விரித்து இடம் பிடித்திருந்தது. சவுண்டு சரிபார்க்க ஈவாஞ்சலின் கேபிளைச் செருகிக் கம்பியைத் தொட்டாள். மீன் வறுக்கிற சட்டியில் தண்ணீர் தெளித்தாற்போல ஸ்பீக்கர் பொரிந்தது.

அவள் பதறவில்லை. கேபிளைக் கழற்றி மற்றதை மாட்டினாள். அதுவும் பொரிந்தது.

"என்னம்மா, பேஸுக்குப் பதிலா பொரிகடலையா?" என்றான் அனிஷ்.

லிங்கராஜ் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏளா, நேரமாவுது. ஆகலன்னா விட்டுரு, இவன் வாசிச்சிருவான்."

ஈவாஞ்சலின் கேபிள் முனையை விரலால் தொட்டாள். விரலை மூக்கின்கீழ் வைத்து முகர்ந்தாள். மேடைக்குக் கீழே பையோடு நின்ற அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணே. கிரீஸ் வச்சியா?"

"பச்ச பிடிச்சிருந்துச்சு. உப்புக் காத்துல்லா..."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும்" என்றான் பாஸ்கல். சொல்லும்போதே குரல் கீழே போய்விட்டது.

"கடலுக்குப் போய்வராத சாமான ஸ்பேர்னு சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

கிரீஸ் தடவிய பிறகு ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் பையில் வைத்தது அவன்தான். தங்கையின் இடத்தைத் தன் கையாலேயே வழித்துப் போட்டுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே பையைத் திறந்து மேடை ஓரத்தில் வைத்தான்.

அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். கம்பிகளில் படியும் உப்புப் பிசுக்கைத் துடைக்கப் பையில் எப்போதும் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருக்கும். பஞ்சை நனைத்து முனைகளை வழித்தாள். ஒரு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஓட்டைக்குள் விட்டுத் திருகினாள், கறுப்பாக வந்தது. இன்னொன்று, மறுபடி ஒன்று, பஞ்சு வெள்ளையாக வரும்வரை. கேபிளைச் செருகித் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். மணல் அதிர்ந்தது. முன்வரிசையில் பாயில் படுத்திருந்த கைக்குழந்தை கண்ணை விரித்தது.

"போலாம் அண்ணாச்சி" என்றாள்.

மாதா பாட்டோடு ஆரம்பித்தார்கள். கூட்டம் கேட்டது, கைதட்டியது. பாஸ்கல் மேடை ஓரத்தில் நின்றுகொண்டு சனத்தின் முகங்களையே பார்த்தான். யாருக்காவது வித்தியாசம் தெரிகிறதா? ஒருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பாட்டுப் பாட்டாக நேரம் போனது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பிள்ளைகள் கேட்ட ஆட்டப்பாட்டை லிங்கராஜ் அண்ணாச்சி எடுத்தார். இரண்டாம் சரணம் போகும்போது அனிஷின் காலடியில் 'பட்' என்று ஒரு சத்தம். கருகிய நாற்றம். சவுண்டுக்காரர் போட்டிருந்த பிளக் பாக்ஸ் உப்பேறிப் புகைந்துவிட்டது. கீபோர்டு விளக்கு அணைந்தது. பேஸ் ஸ்பீக்கரும் அதே பாக்ஸில்தான் இருந்தது, அதுவும் ஊமையாயிற்று. அண்ணாச்சியின் குரலும் மாடக்கண்ணுவின் டிரம்சும் மட்டும் அந்தரத்தில் தொங்கின. எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது.

ஈவாஞ்சலின் ஸ்பீக்கரிலிருந்து கேபிளை உருவினாள். மிக்சருக்குப் போகும் ஒயரோடு காலடியில் அவள் முன்பே எடுத்து வைத்திருந்த டி.ஐ. பாக்ஸில் செருகினாள். மாடக்கண்ணு ஒரு சுற்று அடித்து முடிப்பதற்குள், அடுத்த தட்டில் சரியாக வந்து விழுந்தது பேஸ்.

இம்முறை கீபோர்டு மேலே மூடிக்கொண்டிருக்கவில்லை. சனத்தைப் பார்த்து நின்ற பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும் அந்த நாலு கம்பியின் சத்தம் வெறுங்காலோடு இறங்கி வந்தது. தடித்த கம்பியில் நடந்தாள், பாடலுக்கு இடையில் கீபோர்டு வாசிக்க வேண்டிய மெட்டு வந்ததும் மெல்லிய கம்பிக்குத் தாவி அதையும் வாசித்துவிட்டு, தாளம் தவறாமல் கீழே இறங்கினாள். முதலில் பையன்கள் கத்தினார்கள். பிறகு பெண்கள் பக்கம் கைதட்டல் தாளத்தோடு சேர்ந்தது. கடைசிப் பாயில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

வாசித்துக்கொண்டே அவள் அண்ணனைப் பார்த்துத் தாடையை இடப்பக்கம் ஆட்டினாள். பாஸ்கலுக்கு அது போதும். பையின் இடப்பக்க அறையில் கையை விட்டான். பார்க்க வேண்டியதே இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, மேடைக்குப் பின்னால் மிக்சருக்குக் கரண்டு வரும் பலகையில் மாட்டி, ஒயரை மணலோடு இழுத்துவந்து, கருகிய பாக்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அனிஷின் காலடியில் வைத்தான்.

"ஏலே, செருகு."

கீபோர்டு விளக்கு எரிந்தது. கடைசிப் பல்லவிக்கு அனிஷ் சேர்ந்துகொண்டான். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும்.

பாட்டு முடிந்தும் சத்தம் அடங்கவில்லை. லிங்கராஜ் அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். எந்த ஊர் மேடையிலும் பாடகர்கள், கீபோர்டு, டிரம்ஸ் என்று பெயர் சொல்லி, "மற்றும் குழுவினர்" என்று முடிக்கிறவர் அவர்.

"நம்ம திரேஸ்புரத்துப் பிள்ள" என்றார். "பேஸ் கிட்டார், ஈவாஞ்சலின்!"

அவருக்கு மேலே எதுவும் பேச முடியவில்லை. கடற்கரை அப்படிக் கத்தியது.

நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி கீபோர்டுப் பக்கம் வந்தார். "அனிஷு, இனிமே ஒன் எடது கைக்கு லீவு. தங்கச்சி, அடுத்த வாரம் ஓட்டப்பிடாரத்துல கல்யாணம். வண்டியில முன் சீட்டு ஒனக்கு. அந்தப் பையும் வரணும்."

"பையி வரும் அண்ணாச்சி. பையி கூட எங்க அண்ணனும் வருவான், அவனத் தடுக்க முடியாது" என்றாள்.

பாஸ்கல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்த மணலைத் துடைத்து அதன் அறையில் வைத்தான். கேபிள்கள் இரண்டையும் சுருட்டி, முனைகளைச் சட்டைத் துணியால் துடைத்தான். வேறு எதையும் தடவவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டியபோது ஈவாஞ்சலின் கிட்டே வந்தாள்.

"ஏண்ணே, நாளைக்கித் தொழிலுக்குப் போறியா?"

"போறேன். என்ன?"

"எஞ்சினுக்கு ஸ்பிரிட் போட்டுத் தொடச்சி விடட்டுமா? கிரீஸெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்லா."

"ஓடிருளா!" என்று பாஸ்கல் கையை ஓங்கினான். அவள் மணலில் ஓடினாள். போகிற வழியெல்லாம் சனம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவன் பையைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே நடந்தான். காதில் இன்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.