கிரேஸ் மைனி கேட்ட ஒரு தப்பு

செவ்வாய்க்கிழமை காலை டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டெய்சி வந்து வாசற்படியிலேயே நின்றாள். "ஆச்சி, கிரேஸ் மைனி போயிட்டாங்க. ராத்திரி படுத்தவங்க எந்திரிக்கல" என்றாள். படுக்கையில் கிடந்து சீரழியாமல் போனார்களே என்ற ஆறுதல்தான் எனக்கு முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

முருகன்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே அவர்கள் மைனி, அண்ணன் பெண்டாட்டி முறை. அச்சாபீசில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர்களிடம் வாய் திறக்கவே எனக்குப் பயம். அவர்களிடம் மட்டுமா?

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நம் சபைப் பெண்களுக்குத் தெரியும். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வரி வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். என் முறைக்கு இன்னும் இரண்டு ஆள் இருக்கும்போதே நான் காப்பி போட எழுந்துவிடுவேன். ஒரு சொல் பிசகினால் சிரிப்பார்களே என்ற பயம். பதினோரு வருஷம் அப்படியே ஓட்டினேன். ராஜத்துக்குத் தலைக்கனம் என்று உங்களில் சிலர் நினைத்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் கூட்டம் என் வீட்டில். மைனி என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்துவிட்டார்கள்.

"ஏட்டி ராஜம், பால்காரனே இன்னும் வரல. அதுக்குள்ள என்ன ஓட்டம்?"

"எனக்குச் சரியா பேச வராது மைனி."

அடுப்போரம் நான் கிழித்துப் போட்ட இன்லண்டு லெட்டர்கள் கிடந்தன. ஹாஸ்டலில் இருந்த பேத்தி ஷீலாவுக்கு எழுதியவை. ஓர் எழுத்து தப்பினாலும் கிழித்துவிடுவேன். அந்த மாதம் பிள்ளைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. மைனி துண்டுகளைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன்.

"எல்லாத்திலயும் நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னுதான் கேட்டிருக்க. இது அவளுக்குப் புரியாதாக்கும்? முப்பது வருசம் பிழை பாத்தவ சொல்லுதேன், பிழையே இல்லாம ஒரு புஸ்தகமும் வெளிய போகல. சனம் வாசிச்சுக்கிட்டுதான் இருக்கு."

பிறகு ஒரு கட்டளை போட்டார்கள். "அடுத்த வெள்ளி ஒரே வரி ஜெபி. அதுல வேணும்னே ஒரு தப்பு போடு. தப்பில்லாம ஜெபிச்சா நான் ஒத்துக்கிட மாட்டேன்."

"சிரிப்பாங்களே மைனி?"

"சிரிக்கட்டுமே. வெள்ளிக்கிழமை சிரிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அது சித்திரை மாதம். நல்ல மழை தாரும் என்பதற்குப் பதில், "ஆண்டவரே, நல்ல வெயில் தாரும்" என்றேன். எல்லோரும் கண்ணை மூடியபடி "ஆமென்" என்றார்கள். ஒருத்திகூடக் கவனிக்கவில்லை! மைனி மட்டும் காதருகில் வந்து, "ஏற்கெனவே வெந்துக்கிட்டு கிடக்கோம், நீ வேற" என்றார்கள்.

வாரம் ஒரு தப்பு என்று வைத்துக்கொண்டோம். ஷீலாவுக்கும் கடிதங்கள் கிழியாமல் போயின. எங்கள் தெருவில் முதலில் நர்சிங் பட்டம் வாங்கியவள் அவள்தான். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனமில்லை.

போன தையில் அவளுக்குக் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் மூத்தவர் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இப்போது உயிரோடு இல்லை. சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாரைக் கூப்பிடலாம் என்றேன். "ஆச்சி, நீங்க ஜெபிச்சாதான் நான் படி இறங்குவேன்" என்று ஷீலா உட்கார்ந்துவிட்டாள். பெண் அழைக்க வந்த திசையன்விளை மாப்பிள்ளை வீட்டார் கூடம் நிறைய நின்றார்கள். ஒரு முகமும் பழக்கமில்லை. என் கண் அடுக்களைப் பக்கம் போனது. சுவரோரம் நாற்காலியில் இருந்த மைனி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு தப்பு.

ஜெபித்தேன். இரண்டு வரி நினைத்தேன், பத்து வரி வந்தது. முடிக்கும்போது மாப்பிள்ளை எட்வினுக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் பெயர் வாயில் வந்துவிட்டது. "சாமுவேலையும் ஷீலாவையும் ஆசீர்வதியும்" என்றேன். அது வேண்டுமென்று போட்ட தப்பு இல்லை.

கூடமே சிரித்தது. "தாத்தாவையா கட்டப்போறேன் ஆச்சி?" என்றாள் ஷீலா. சம்பந்தியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பதினோரு வருஷம் நான் பயந்து ஓடிய சிரிப்பு இவ்வளவுதானா என்று இருந்தது. மைனி சொன்னார்கள்: "இதுதாம்ட்டி அசல் தப்பு. இனி உனக்கு நான் வேண்டாம்."

புதன்கிழமை அவர்களை எடுக்கும் முன் வீட்டில் யார் ஜெபிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் எழுந்தேன். காப்பியை வேறு யாரோ போட்டார்கள்.

இதை எழுதி முடித்ததும், துக்கத்துக்கு வந்திருந்த ஷீலா, "பிழை திருத்தித் தாரேன் ஆச்சி" என்று வாங்கிக்கொண்டாள். திருத்தட்டும்.

"ஒண்ணை மட்டும் விட்டுவை" என்று சொல்லியிருக்கிறேன். "அது மைனி எனக்குக் கொடுத்தது."