குழியிலிருந்து மேலே வருகிறவனின் முகம்

எங்கள் சபையில் வேதபாடம் வாசித்துவந்த எனக்கு, பிரசங்க மேடையில் நின்று பேசும் வாய்ப்பு எழுபத்திரண்டாம் வயதில்தான் கிட்டியது. யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் போட்ட பகுதி எனக்கு ஒதுக்கப்பட்டது. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பின்னாளில் சுரங்கத்தில் இறங்கியவன் என்ன பேசிவிடுவான் என்று, சபையிலுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கூறியதாக என் செவிக்கு எட்டியது. அவர் வாயை அடைக்கும் பொருட்டு, சகோதரத் துரோகம் குறித்துப் பதினோரு பக்கங்கள் எழுதி மனனம் செய்தேன்.

பெங்களூரு அருங்காட்சியகம் ஒன்றில் இக்காட்சியைச் சித்திரிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் இருப்பதாக அறிந்து, உரைக்கு மெருகேற்ற எண்ணி வியாழனன்று ரயிலேறினேன். துணைக்கு வந்தவர், தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் என் அண்டை வீட்டார். கேஜ் எனப்படும் கூண்டில் எங்களைச் சுரங்கத்துள் இறக்கி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டியவர்; முருக பக்தர்.

ஓவியம் ஆளுயரம் இருந்தது. குழியின் விளிம்பில் நான்கு சகோதரர்கள் கயிற்றைப் பிடித்திருக்க, அதன் முனையில் யோசேப்பு இடுப்பளவு குழிக்குள் இருந்தான். 'யோசேப்பைக் குழியில் இறக்குதல்' என்றது அருகிலிருந்த பலகை. ஆனால் அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓவியர் பிழை செய்துவிட்டார் என்றே தீர்மானித்தேன்.

"இன்னாண்ணே, தப்பா எழுதிக்கீறாங்க" என்றார் நண்பர். "இவன எங்க இறக்குறாங்க? மேல ஏத்திக்கினு கீறாங்க!"

"யோவ், உனுக்குக் கதையே தெரியாது. சும்மா வா."

"கதை தெரியாது, கயிறு தெரியும். இறக்குறவன் கயித்த ஒழுங்கா சுத்தி வெச்சிக்கினுதான் இறக்குவான். இல்லன்னா சிக்கிக்கும். அவுங்க காலாண்ட பாருண்ணே, தாறுமாறா கெடக்குது. இழுத்து இழுத்துப் போட்ட கயிறு அது!"

அவர் விரல் ஓவியத்தை நெருங்கவே, காவலர் பதறி ஓடிவந்தார். "முட்டபேடி தாத்தா!"

"தொடல ராஜா. ஏத்துறாங்களா, இறக்குறாங்களா, நீயே சொல்லு."

காவலர் குனிந்து கயிற்றை நெடுநேரம் ஆராய்ந்து, "மேலே பர்த்தாவ்னே", மேலேதான் வருகிறான் என்று கன்னடத்தில் தீர்ப்பளித்தார்.

குழியிலிருந்து யோசேப்பைத் தூக்கியதும் வேதத்தில் உண்டு. அந்நியரிடம் விற்பதற்காகத் தூக்கினார்கள். அதை அறியாமல் சிரிக்கிறான்! அக்கணமே அச்சிரிப்பு என் வாயிலும் தொற்றிக்கொண்டது.

"மெமோ குடுக்க சூப்பர்வைசர் மேல நின்னாக்கூட, வெளிச்சத்தப் பார்த்ததும் நாங்க பல்ல காட்டிக்கினுதாம்பா வருவோம்" என்றேன். மூவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த கூடத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தனர்.

துரோகம் பற்றிய பதினோரு பக்கங்கள் அத்துடன் பயனற்றுப்போயின. ஓவியர் தீட்டியது, விற்கப்படுவதற்கு முந்தைய அரை நிமிட ஆனந்தத்தை அல்லவா!

ஞாயிறன்று எழுதாத உரையுடன் மேடையேறினேன். எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் சுரங்கத்தில் இறங்கியவர்கள். கயிற்றின் கதையைக் கூறிவிட்டு, "நீங்கல்லாம் ஷிப்ட் முடிஞ்சி எப்பிடி மேல வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வாய பொளந்துக்கினுதான்!" என்றது ஆண்கள் பக்கத்துக் குரல்.

"எங்க வூட்டுக்காரரு சிரிச்சதே அங்கதான். வூட்டுல ஏது?" என்றாள் ஓர் அம்மாள். சபை குலுங்கியது. போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது தலைமையாசிரியர் எழுந்து நின்றார்.

"பள்ளிப் பிள்ளைங்களோட ஒரே ஒரு தடவை நானும் கேஜ்ல இறங்கினேன்" என்றார். "ஆனா மேல வரும்போது சிரிக்கல."

"அப்புறம் இன்னா பண்ணீங்க சார்?" என்றேன்.

"அழுதேன்யா. பிள்ளைங்க எல்லாம் பார்த்துட்டாங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அவர் அமரவில்லை. மேடையில் இருந்த என்னை நோக்கி, "மேல சொல்லுங்க ஐயா" என்றார்.