வால்டர் வீட்டுச் சண்டை மீன்கள்

துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த வால்டரைக் கல்மண்டபம் பக்கத்தில் பலருக்கும் பழைய குத்துச்சண்டைக்காரனாகத்தான் தெரியும். வலது தோள் ஒருமுறை கழன்ற பிறகு அவன் கையுறையைத் தொடவில்லை. மழைக்காலத்தில் அந்தத் தோள் குடையும். அதைத் தவிர அந்தக் காலத்தைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம், கப்பலில் சமையல்காரராகப் போய்க்கொண்டிருந்த மதார் சாகிப் சிங்கப்பூரிலிருந்து ஊறுகாய் ஜாடியில் சில மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்தார். மத்திய அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் இனமாம். சிங்கப்பூரில் தொட்டிகளில் வளர்த்து விற்கிறார்களாம்.

"கருப்பா கீதே, அதுக்கு அமெரிக்காவுல ஒரு குத்துச்சண்டைக்காரன் பேரைத்தான் வெச்சிருக்கானுங்க" என்றார் சாகிப்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே வால்டர் ஜாடியை வாங்கிக்கொண்டான். பழைய இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்குகளில் மக்குப் பசை வைத்து அடைத்து, கூடத்தில் தொட்டி கட்டினான். கருப்பு மீனைக் கருப்பன் என்றே கூப்பிட்டான்; அவன் வளர்ந்து உள்ளங்கையைத் தாண்டினான். உடம்பெல்லாம் நீலப் பொட்டு மின்னியது. இன்னொன்று ஆரஞ்சு நிறமேறி, நெற்றி புடைத்து, கருப்பனைவிடப் பெரிதாயிற்று. கப்பல்காரர்கள் அந்த வகையைச் சிவப்புச் சாத்தான் என்பார்களாம். மூன்றாவது, விரல் நீளத்தில் ஒரு ஜோடி. கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருந்ததால் தெருவில் அவற்றுக்குக் கைதி என்று பேர் விழுந்துவிட்டது.

அவன் மனைவி பிலோமி விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துப் போய் மார்க்கெட்டில் விற்பவள். "துன்னவும் ஒதவாது, விக்கவும் ஒதவாது. இதுக்கு நான் எறா உரிச்சுப் போடணும், கொழாயடில நின்னு தண்ணி புடிக்கணும்" என்பாள். ஆனால் இறாலை அவள்தான் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டாள்.

ஒன்றை ஒன்று கடித்துக் குதறியதால் வால்டர் தொட்டிக்குள் வகைக்கு ஓர் அறையாகக் கண்ணாடித் தடுப்புகள் வைத்தான். ஷிப்டு முடிந்து வந்தால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். எது பொல்லாதது என்பதுதான் அவன் கேள்வி. கருப்பன் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருபவன். நிறம் இருளும், துடுப்பு விரியும், பக்கவாட்டில் நின்று தன் முழு உடம்பையும் காட்டுவான், வாலால் தண்ணீரை அடிப்பான். அதற்குப் பிறகுதான் கடி. சாத்தானுக்கு முன்னறிவிப்பே கிடையாது. கண்ணாடிக்கு வெளியே விரல் நகர்ந்தால்கூட நேராக வந்து மோதும். கைதிகள் சாதாரண நாளில் ஒதுங்கிப் போகிறவை. முட்டை இட்டுவிட்டால் கதையே வேறு. அப்படி ஒருநாள் தடுப்பு சரிந்து கருப்பன் கைதிகள் பக்கம் போனபோது, அவனில் பாதிகூட இல்லாத பெண் கைதி அவனை மூலைவரைக்கும் விரட்டி விரட்டி அடித்தது. பிலோமி கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"புள்ள பெத்தவகிட்ட இன்னாத்துக்குப் போறான் இவன்?" என்றாள்.

விஷயம் பரவியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்படி வந்தவர்களில் வேம்புவும் ஒருவன். கொட்டகை போட்டுக் குத்துச்சண்டை நடத்திய ஆள். வால்டரை மேடையேற்றியவனும் அவன்தான்.

"தடுப்பை எடு வால்டரு. ரெண்டு பெருசையும் ஒண்ணா வுடு. எது கெலிக்குதுன்னு பாத்துடலாம்."

வால்டர் யோசித்தான். கருப்பன் ஜெயிப்பான் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. அடுத்த ஞாயிறு கூடம் கொள்ளாமல் கூட்டம். படகு மெக்கானிக் கருணாகரனும் வாசல் ஓரமாக வந்து நின்றான். வால்டரின் கடைசிச் சண்டையில் எதிரே நின்றவன் அவன்.

தடுப்பை எடுத்தார்கள். கருப்பன் வழக்கம்போல் துடுப்பை விரித்துத் தன்னைக் காட்டத் தொடங்கினான். காட்டி முடிப்பதற்குள் சாத்தான் இடித்தது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு உருண்டன. தொட்டி கலங்கிற்று. கூட்டம் கத்தியது. தெளிந்தபோது கருப்பனின் உதடு கிழிந்திருந்தது. துடுப்பு ஒடுங்கி, நிறம் வெளுத்து, மேல்மூலையில் சாய்ந்து கிடந்தான். சாத்தான் விடவில்லை. போய்ப் போய் இடித்தது.

கருணாகரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தான். "அது தோத்துப்பூட்சு மாமு. எடுத்துடு."

"இருப்பா, இன்னும் கீது" என்றான் வேம்பு.

அந்தக் குரல் வால்டருக்குப் பழக்கமானது. தோள் கழன்று, கயிற்றில் சாய்ந்து நின்ற அன்று, தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசச் சொல்லி அவன் கெஞ்சியபோது இதே வேம்பு இதையேதான் சொன்னான். அன்று சண்டையை நிறுத்தியது கருணாகரன். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, ஜனம் கூவக் கூவ மேடையைவிட்டு இறங்கிப் போனான்.

வால்டர் தொட்டிக்குள் கையை விட்டான். சாத்தான் அவன் விரலையும் கடித்தது. கருப்பனை அள்ளி வாளியில் போட்டான்.

கூட்டம் கலைந்தது. வேம்பு மட்டும் நின்று, திருவொற்றியூரில் கொட்டகை போடலாம், சாத்தானை எடுத்து வா என்றான்.

"வராது. நீ கெளம்பு" என்றான் வால்டர்.

கருணாகரன் வாளியருகே குந்தியிருந்தான். "ஆத்துல இருந்திருந்தா தோத்தது ஓடிப் போயிருக்கும். தொரத்துனதும் அதோட வுட்டிருக்கும். இங்க ஓட எங்க எடம் கீது?"

"அன்னிக்கு நீ ஏன் நிறுத்துன?" பத்து வருஷமாகக் கேட்காததை வால்டர் கேட்டான்.

"உன் கண்ணு வேற எங்கியோ பாத்துகினு இருந்துச்சு. அடிக்கத் தோணல." அவ்வளவுதான் சொன்னான்.

பிலோமி இருவருக்கும் சோறு போட்டாள்.

கருணாகரன் வாரக்கடைசிகளில் வந்தான். இரண்டு பேருமாக, கட்டில் கிடந்த இடத்தில், கட்டிலைவிட நீளமான தொட்டி கட்டினார்கள். உடைந்த பானை, மண்குழாய், கருங்கல் எல்லாம் போட்டு மூலைக்கு மூலை மறைவு செய்தார்கள். கருப்பன் பிழைத்தான், உதடு மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது. கைதிகளும் அவனும் அந்தத் தொட்டியில் சண்டை போடாமல் இல்லை. ஒன்று துரத்தும், துரத்தப்பட்டது குழாய்க்குள் நுழையும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் இரை பொறுக்கும்.

சாத்தானுக்குத்தான் எதுவும் பலிக்கவில்லை. வால்டர் அதையும் பெரிய தொட்டியில் விட்டுப் பார்த்தான். மறைவில் இருந்தவற்றையும் தேடிப் போய்க் கடித்தது. கடைசியில் பழைய தொட்டியையே அதற்கென்று விட்டுவிட்டான். அதற்காக அதை அவன் வெறுக்கவில்லை. இரை போடும்போது கொஞ்ச நேரம் அதன் எதிரிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தான். அதன் சுபாவம் அது என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் அவனுக்குப் புரியவில்லை.

எது பொல்லாதது என்று தெருவில் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

"எந்த நாள்ல, எந்தத் தொட்டியிலன்னு சொல்லு, சொல்றேன்" என்பான் வால்டர்.

கைதி ஜோடி அந்தத் தை மாதம் மறுபடி குஞ்சு பொரித்தது. பானை ஓட்டுக்குள் பொடிப்பொடியாக நெளிவதைக் கருணாகரனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வால்டர் சட்டையை மாட்டிக்கொண்டு, அவன் படகு வேலை பார்க்கும் காசிமேட்டுக்குக் கிளம்பினான்.