சித்திராப் பறுவத்தன்று ஒரு துண்டுப் பாண்

நேற்று டோர்ட்மண்ட் தமிழ்க் கடையில் வாழைக்காய் மணந்தது. வாழைக்காய்க்கு என்ன மணம் என்று நீங்கள் கேட்பீர்கள். பெட்டி உடைத்த கையோடு பாலும் சருகும் கலந்து ஒரு மணம் வரும், தெரிந்த மூக்குக்குத் தெரியும். நாலு காய் பொறுக்கிக்கொண்டு போய்க் கவுண்டரில் வைத்தேன். அங்கே நின்ற பிள்ளை இங்கேயே பிறந்தவள். மூக்கில் வளையம், தலையில் நீலச் சாயம், ஆனால் தமிழ் என்னுடையதைவிடத் துப்பரவு.

“அன்ரி, நாளைக்குச் சித்திராப் பறுவமெல்லே, விரதமோ?”

“எனக்கில்லைப் பிள்ளை, அவருக்கு.”

“அப்ப உங்கடை அம்மா இருக்கிறாவோ?”

“ஓம்” என்றேன்.

“நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அன்ரி” என்று சொல்லிப் பையை நீட்டினாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களில் தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரை மாதத்துப் பறுவத்துக்கும், அதாவது பௌர்ணமிக்கும், விரதம் இருப்பார்கள். காலையில் ஒன்றும் இல்லை. மத்தியானம் இலையில் படைத்துவிட்டுத்தான் சாப்பாடு. தாய் உயிரோடு இருக்கிற பிள்ளை மறந்தும் அந்த விரதத்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தாயின் ஆயுளுக்குக் கேடு. ஆகவே எங்களுக்குள் ஒருவரின் தாய் இருக்கிறாவா இல்லையா என்று கேட்கத் தேவையில்லை, அன்றைக்குக் காலமை சாப்பிட்டாரா என்று பார்த்தால் போதும்.

நாங்கள் இருக்கிற ஹம்முக்கு ரயில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வாழைக்காயைப் பார்த்தால் வாழைமரம் ஞாபகம் வரும்தானே. எனக்கு ஞாபகம் வருகிற வாழைமரம் இரண்டும் சென்னையில் ஒரு லொட்ஜ் வாசலில் கட்டியிருந்தவை. என் கலியாணம் அங்கேதான் நடந்தது.

வன்னியில் சண்டை நடந்த காலம். மாப்பிள்ளை ஜெர்மனியில் அகதி, அவருக்கு ஊருக்கு வர ஏலாது. பொம்பிளை நான்தான் புறப்பட வேண்டும். அந்த நாளில் வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கம் தருகிற பாஸ் வேண்டும். போகிற ஆள் திரும்பி வரும் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். அப்பா நான் சின்னனாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் கனடாவில். அம்மா பிணை நின்றார். பிணை நிற்கிற ஆள் வெளியே வர முடியாது. என் கலியாணத்துக்கு என் அம்மா வராத கதை இவ்வளவுதான்.

பக்கத்து அறையில் விசாவுக்குக் காத்திருந்த திருகோணமலை அக்காவும் புருசனும் தாய் தகப்பனாக நின்று என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத அந்த அக்கா என்ன அழுகை அழுதார்! வீடியோ பார்க்கிறவர்கள், “உங்கடை அம்மா பாவம்” என்பார்கள். நான் திருத்துவதில்லை. வீடியோக்காரர் என்னிடமும், “கொஞ்சம் அழுங்கம்மா, நல்லா வரும்” என்று கெஞ்சினார். எனக்கு வரவில்லை. அன்றைக்கு விறைத்தது இன்னும் முழுதாக விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பின்னால் ஒரு பெரிய வீடு, முன்னால் ரோசாச் செடிகள். வந்து பார்த்தால் அது எதிர்ப்பக்கத்து ஜெர்மன்காரர் வீடு. நாங்கள் ஒரு பீட்சாக் கடைக்கு மேலே, இரண்டு அறையில்.

“ஏன் மற்ற ஆக்களின்ரை வீட்டுக்கு முன்னாலை நிண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“இஞ்சை நிண்டா பீட்சாக் கடை எல்லே விழும்” என்றார்.

நானும் இரவல் சங்கிலி போட்டுக்கொண்டு எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருந்தேன். ஆளுக்கு ஆள் சரி.

நான் வந்து இறங்கின கையோடு ஊரில் சமாதானம் வந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அம்மாவே வந்து தாரை வார்த்திருக்கலாம். இங்கே ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற ஃபக்டரியில் எனக்கு வேலை கிடைத்தது, கட்டில் விரிப்பு மடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சிக்குப் போன் எடுப்பேன். அங்கே காசு கட்டிப் போன் கதைக்கிற ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. அம்மா பஸ்ஸில் வந்து வாசல் வாங்கில் குந்திக்கொண்டு காத்திருப்பார். எங்கள் போன் குசினிச் சுவரில் மாட்டியிருந்தது. அம்மாவின் முதல் கேள்வி மாறவே மாறாது: “காலமை சாப்பிட்டியே பிள்ளை?”

முதல் வருடங்களில் பறுவம் வேலை நாளில் வந்தபடியால், தாயில்லாத என் மனுசன் தன் விரதத்தைத் தானே சமாளித்துக்கொண்டார். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரே பக்தி. அப்பாவுக்கு ஆடி அமாவாசை பிடித்துப் பழகினவள்தானே, மனுசன் பட்டினி கிடக்க நான் சாப்பிடுவதா என்று நானும் பச்சைத் தண்ணீர் குடியாமல் நின்று சமைத்தேன். பெரிய பத்தினி! வழமை போலப் போன் எடுத்தேன். வழமை போலக் கேள்வி வந்தது.

“இல்லையம்மா, இண்டைக்குச் சித்திராப் பறுவமெல்லே. அவரோடை நானும் விரதம்.”

அந்தப் பக்கத்திலிருந்து கிளிநொச்சி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

“எடி விசரி! நான் இன்னும் சாகேல்லையடி! போய் ஒரு துண்டுப் பாணை எடுத்துக் கடி. நான் லைன்ல நிக்கிறன்.”

மேல்தோல் முறுகின பேக்கரிப் பாணை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். “மெல்லுற சத்தம் கேக்கேல்லை” என்றார். போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு நறுக்கு நறுக்கென்று மென்றேன். அம்மா சிரிக்கத் தொடங்கினார், கடைக்காரர் சிரிப்பதும் கேட்டது. எனக்குப் பாண் புரைக்கேறியது.

மகள் பிறந்தாள். அவளுக்கு நடை வரட்டும், பாஸ்போர்ட் வரட்டும், பிறகு போவோம் என்று இருக்க வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். திரும்பவும் சண்டை. சனம் இடம்பெயரத் தொடங்கியபோது கடைசியாக ஒரு அழைப்பு கிடைத்தது. “கடை பூட்டப் போகினமாம். நாங்கள் உள்ளுக்குப் போறம். நீ சாப்பிட்டியே?” பிறகு அந்த நம்பர் அடிக்கவேயில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது. என் மனுசன் சண்டையை நிறுத்தச் சொல்லி டுசில்டோர்ஃபில் நடந்த ஊர்வலங்களுக்குப் போய்க் கத்தித் தொண்டை அடைத்து வருவார். நான் விரிப்பு மடித்தேன். மற்றவர்களின் ஷிஃப்டையும் கேட்டு வாங்கினேன். வீட்டில் ரீவி ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பேன், ஒன்றும் உள்ளே போகாது. அந்த நாட்களுக்குள்தான் பறுவம் வந்தது. முதல்நாள் அண்ணன் கனடாவிலிருந்து போன் எடுத்தார்.

“தங்கச்சி, நான் நாளைக்கு விரதம் பிடிக்கிறன். நீயும் பிடி.”

“ஏனண்ணை, ஆரும் கண்டவையே?”

“ஒருத்தரும் காணேல்லை. அதுதான் சொல்லுறன்.”

“காணேல்லை எண்டா காணேல்லை. செத்தது எண்டில்லை.”

“போன இடத்திலை அம்மா பசியோடை நிக்கப் போறாவடி. உனக்குக் கல்லு மனசு.”

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அம்மா இல்லையென்றால், படைக்காமல் விட்டு அவரைப் பசியில் நிற்பாட்டுகிறேன். இருக்கிறா என்றால், விரதம் பிடித்து நானே அவரைக் கொல்கிறேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்திருந்தால் ஏதாவது முடிவு பிடிபட்டிருக்குமோ என்னவோ.

விடிய என் மனுசன் குளித்துவிட்டு வாழையிலையோடு குசினி வாசலில் நின்றார். அதிகம் கதைக்கிற மனுசன் இல்லை.

“இஞ்சேர், எத்தினை இலை போட?”

அவருடைய தாய்க்கு ஒன்று. மற்றதைத்தான் கேட்கிறார்.

“ஒண்டு” என்றேன். சொல்லிவிட்டு அவர் பார்த்திருக்க ஒரு துண்டுப் பாண் எடுத்துத் தின்றேன்.

அன்றிலிருந்து வருடா வருடம் அவர் கேட்கிறார், நான் ஒன்று என்கிறேன். அண்ணன் சித்திரை மாதத்தில் மட்டும் என்னோடு கதைப்பதில்லை. பிறகொரு காலம் அண்ணன் ஊருக்குப் போய் விசாரித்துப் பார்த்தார். நான் போகவில்லை, கால் எழும்பவில்லை. கொமினிகேசன் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிற கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறதாம். பழைய கடைக்காரரையும் ஒருவருக்கும் தெரியாதாம். கலியாண வீடியோ ஓடுகிற பெட்டியும் இப்போது வீட்டில் இல்லை.

இன்று காலையும் என் மனுசன் இலையோடு வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. உயிரோடிருந்தால் அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்கும்.

“இஞ்சேர், எத்தினை?”

இந்த முறை வாழைக்காய் வெட்டின கறையைக் கையில் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவரும் அவசரப்படவில்லை.

“ஒண்டு” என்றேன்.

பாணை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனேன். போனை எப்போதோ கழற்றிவிட்டோம், ஆணி மட்டும் இருக்கிறது. அந்த ஆணிக்குக் கிட்ட வாயை வைத்துக்கொண்டு, கேட்கிற மாதிரிச் சத்தமாக மென்றேன்.